அதியன்னூரில் ஒரு வில்

சென்ற மார்கழி விடுமுறையில் தாயகம் போயிருந்தபோது, ஒருநாட் காலையில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பயணி வண்டியில் குடும்பத்தோடு ஏறினேன். என் தாய்மாமன் அதியன்னூரில் இருக்கிறார். அவருக்கு வயது எண்பத்து நான்கு. “வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டோடு போகப் போகிறேன். அதற்கு முன்னால் நீ வந்து, என் அப்பனுடைய வில்லை என்ன செய்வது என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போ” என்று தொலைபேசியில் இருமுறை கூறியிருந்தார். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இத்தகைய அழைப்பு ஊரிலிருந்து வந்திருக்கும். சிலருக்கு நிலம், சிலருக்குப் பாத்திரம் பண்டம். எனக்கு வந்தது வில்.

வேட்டை வில் அன்று, வில்லுப்பாட்டு வில். என் தாய்வழிப் பாட்டனார் அந்தப் பக்கத்து அம்மன் கோயில்களிலும் மாடன் கோயில்களிலும் கொடைதோறும் வில்லடித்துப் பாடியவர். எனக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, குடம் அடிக்க ஆள் இல்லை என்று ஓர் இரவு என்னைக் கூப்பிட்டார். கல்லூரி நண்பர்கள் கண்டால் நகைப்பார்களே என்று அஞ்சி, தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் மறுமுறை கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு காலமானார்.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு ஆண்டுகளாகப் பிடில் பயில்கிறாள். அதை விட்டு வர மனமின்றி, பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் அமர்ந்திருந்தாள்.

1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த இருப்புப்பாதையில் குழித்துறையைக் கடந்ததும் எல்லை வந்துவிடுகிறது. எல்லை என்றால் மலையோ கடலோ இல்லை. அதே தென்னை, அதே மரச்சீனித் தோட்டம், அதே சிவந்த மண். பாறசாலை நிலையத்தில் பெயர்ப்பலகையின் எழுத்து மாறியதைக் கொண்டுதான் நாம் அறிய வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. என் தாய் பிறந்த வீடு அங்கும், புகுந்த வீடு இங்குமாகப் பிரிந்தன. அவ்வளவே எங்கள் குடும்பத்து வரலாறு. அதற்காக இந்தக் கட்டுரையில் வழக்காடப் போவதில்லை.

பாறசாலைக்கு அடுத்து வருவது தனுவச்சபுரம். ‘தனு’ என்பது வில். வில்லை வைத்த புரம் என்று பிரித்துப் பொருள் சொல்லலாம் போலிருக்கிறது. நான் விளையாட்டாகச் சொன்னதைக் கேட்டு என் மகள், “பிடில் வில்லா, அம்பு விடுகிற வில்லா?” என்று வினவினாள். அப்போது எனக்கு அது குழந்தைத்தனமாகத் தோன்றிற்று. அந்தக் கேள்வியே அடுத்த மூன்று நாட்களும் எங்களோடு வந்தது.

அமரவிளையை அடுத்து நெய்யாற்றைக் கடந்து நெய்யாற்றின்கரையில் இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே ஒரு சிற்றுண்டிக் கடையில் குடிக்க வெந்நீர் கேட்டோம். இளஞ்சிவப்பு நிறத்தில் கொண்டு வந்து வைத்தார்கள். பிள்ளைகள் மருண்டனர். பதிமுகம் என்னும் மரத்தின் சிராய்களைப் போட்டுக் கொதிக்கவைத்த நீர் அது. தமிழில் சப்பங்கம் என்றும் பதங்கம் என்றும் கூறுவர். கேரளத்தில் வீட்டுக்கு வீடு குடிப்பார்கள். இந்தச் சிவப்பு நீரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

அதியன்னூர் பெரிய காட்சிகள் உள்ள ஊர் அன்று. ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை நகரம். அங்கே கிருஷ்ணசாமி கோயிலும், மார்த்தாண்ட வர்மர் பகைவருக்கு ஒளிந்திருந்த பலாமரத்தின் எச்சமும் உள்ளன. மறுபக்கம் பலராமபுரம், பாலராம வர்மர் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சாலியர்கள் இன்றும் அங்கே கைத்தறி நெய்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே வாழையும் தென்னையும் இரப்பருமாக வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர் இது. முன்பு பனை மிகுதி. பாட்டனாருடைய வில் பனைமரத்தில் செய்தது.

மாமா திண்ணையில் அமர்ந்திருந்தார். என் மகள் “தாத்தா” என்று அழைத்ததும், “தாத்தா இல்ல மக்களே, பாட்டான்னு விளி” என்று திருத்திவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார். பிறகு, கல்லூரியில் படிக்கும் தம் பேரனைக் கூப்பிட்டுப் பரண்மேலிருந்து வில்லை இறக்கச் செய்தார்.

ஏறத்தாழ பத்தடி நீளம். முற்றிய பனை வைரத்தைச் சீவி வளைத்து, முறுக்கிய தோல் நாணைப் பூட்டியிருந்தார்கள். வில்லின் உடல் நெடுகச் சிறு மணிகள். அவற்றில் பாதி உதிர்ந்துவிட்டன. பாடும்போது வாயகன்ற மண்குடத்தின் கழுத்தில் வில்லின் நடுவைப் பொருத்திக் கட்டுவார்கள். நாண் மேல்நோக்கி இருக்கும். அண்ணாவி இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். நாணின் அதிர்வு வில்லுடலில் இறங்கிக் குடத்துக்குட் சென்று பெருகும்; மணிகளும் உடன் குலுங்கும். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தியால் அறைந்து தாளம் கூட்டுவார். உடுக்கும் சாலராவும் கட்டையும் சேரும். ஆகவே வில்லுப்பாட்டில் வில் என்பது துணைக்கருவி அன்று. அதுவே இசைக்கருவி, நாண்தான் நரம்பு, குடம்தான் பத்தர்.

நரம்புக் கருவிகளின் பிறப்பை ஆராய்ந்த அறிஞர் பலர் இந்த இடத்திற்கே வருகின்றனர். ஹென்றி பால்ஃபர் என்னும் ஆங்கிலேயர் 1899இல் இசைவில்லின் இயற்கை வரலாறு பற்றித் தனி நூலே எழுதினார். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஒற்றை நாண் வில்லும், அதனோடு கட்டிய சுரைக்குடுக்கையும் இன்றும் இசைக்கருவிகள். அடிமைகளாக அங்கோலாப் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் அதைப் பிரேசிலுக்குக் கொண்டு சென்றனர். அங்கே ‘பெரிம்பாவு’ என்ற பெயரில் அது வாழ்கிறது. நம் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் வருகிறான். குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகப் பூட்டி, தானே ஒரு வில்யாழ் செய்துகொள்கிறான். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் வில்யாழிலிருந்தே யாழ்களின் வரிசையைத் தொடங்குகிறார். அந்த யாழ்கள் அழிந்தன. ஆயன் செய்த வில்லின் உறவு ஒன்று, இதோ, அதியன்னூரில் ஒரு பரண்மேற் கிடந்தது.

மாமா உள்ளே சென்ற சமயம் பார்த்து என் மகள் ஒரு காரியம் செய்தாள். தன் பிடில் வில்லை எடுத்து, ரோசின் கட்டியை நன்றாகத் தேய்த்து, பாட்டனாரின் நாண்மீது வைத்து இழுத்தாள். எருமை இருமுவது போல் ஓர் ஓசை எழுந்தது. மாமா விரைந்து வந்தார். சினப்பார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு, “இது இழுத்தா பாடாது மக்களே, அடிச்சாத்தான் பாடும்” என்றார். அவள் விடவில்லை. இரண்டு வில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “பாட்டா வில் நாணுக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கிறது. என் வில் ஏன் நாணை நோக்கி உட்பக்கமாக வளைந்திருக்கிறது?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த அளவு விடை சொன்னேன். அதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பிடில் பயில்கிறார்கள் அல்லவா?

நரம்பை அடித்தாலும் மீட்டினாலும் ஓசை பிறந்த கணத்திலிருந்து தேயத் தொடங்கிவிடும். தேயாமல் நீட்ட வேண்டுமானால், நரம்பை இடைவிடாது தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு நாணைப் பிசின் பூசி அதன்மேல் இழுத்தால், அது நரம்பைப் பற்றி இழுக்கும், இழுவை மிஞ்சியதும் நரம்பு நழுவும், மீண்டும் பற்றும். ஒரு நொடியில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. நம் காதுக்கு அது ஒரே நீண்ட குரலாகக் கேட்கிறது. இந்த உபாயத்தை மனிதன் கண்டது மிகப் பிந்தித்தான். யாழும் வீணையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விரலாலும் கோலாலும் ஒலித்த பின், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வில்லிசைக் கருவிகள் பற்றிய சான்றுகள் தோன்றுகின்றன. 950ஆம் ஆண்டளவில் மறைந்த அல் பராபி என்னும் இசைப் பேரறிஞர், நரம்புகளின்மேல் வேறு நரம்புகளை இழுத்து ஒலிக்கச் செய்யும் கருவிகளைக் குறிப்பிடுகிறார். குதிரை மிகுந்த மத்திய ஆசியாவே இதன் பிறப்பிடம் என்பது பலர் கொள்கை. குதிரைவால் மயிரைவிட இதற்கு ஏற்ற நாண் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதை எண்ணினால் அது பொருத்தமாகவே படுகிறது. அங்கிருந்து அரபு நாடுகள் வழியாகவும் பைசாந்தியம் வழியாகவும் ஐரோப்பாவுக்குச் சென்றது. கிழக்கே சீனத்துக்கும் சென்றது.

நம் நாட்டிலும் வில்லிசைக் கருவிகள் உண்டு. இராசத்தானத்தின் இராவணஹத்தா தேங்காய் ஓட்டில் தோல் போர்த்தது. இலங்கை வேந்தன் பெயரால் வழங்குவது. கேரளத்தில் நாகங்களுக்குக் களம் எழுதிப் பாடும் புள்ளுவர் கையில் ஒற்றை நரம்பு வீணை ஒன்று இருக்கிறது. வீணை என்று பெயர் இருந்தாலும் மீட்டுவதில்லை, வில்லால் இழுக்கிறார்கள். அதன் முகத்தில் உடும்புத் தோல். இவ்விரு கருவிகளின் வில்லிலும் சிறு மணிகளோ உலோகத் துண்டுகளோ கட்டியிருப்பார்கள்; இழுக்கும் கை தாளத்தையும் போட்டுக்கொள்ளும். பாட்டனாரின் வில்லில் எஞ்சியிருந்த மணிகளைக் கண்டபோது எனக்கு அந்த வில்களே நினைவுக்கு வந்தன. அடிக்கப்படும் வில்லுக்கும் மணி, இழுக்கும் வில்லுக்கும் மணி! இந்த ஒற்றுமைக்கு நூற்சான்று தேடவில்லை. கண்ணிற் பட்டதைச் சொல்கிறேன்.

இந்தப் பழைய வில்கள் அனைத்தும் வேட்டை வில்லைப் போல நாணுக்கு எதிர்ப்பக்கம் வளைந்தவை. ஐரோப்பாவிலும் அப்படியே இருந்தது. இத்தாலியின் கிரெமோனா நகரத்தில் ஆண்டிரியா அமாட்டி 1560களில் செய்த பிடில்கள் இன்றும் உள்ளன. அவற்றின் வடிவத்தை இன்றைய பிடிலோடு ஒப்பிட்டால் மாற்றம் சிறிதே. ஆனால் வில் அப்படி நிற்கவில்லை. மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மயிரின் இறுக்கத்தை விரலால் அழுத்திக் காத்தார்கள். பிறகு பல்வரிசையில் மாட்டி இறுக்கினார்கள். பிறகு திருகாணி வந்தது. கோலின் வளைவு குறைந்து குறைந்து ஏறக்குறைய நேராயிற்று. இறுதியாக, பாரிசு நகரத்துப் பிரான்சுவா தூர்த் என்பவர், இளமையில் கடிகாரத் தொழில் பயின்றவர், 1780களில் தொடங்கி அதற்கு முற்றிய வடிவம் கொடுத்தார். கோலைச் சூட்டில் வளைத்து, வளைவை மயிரை நோக்கி உட்பக்கமாகத் திருப்பினார். ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளம், 60 கிராம் எடை. நாணை இறுக்க இறுக்கப் பழைய வில் மேலும் வளையும். இந்த வில்லோ நிமிரப் பார்க்கும். அதனால் அடி முதல் நுனி வரை ஒரே வலிமையோடு இழுக்கலாம்; குதிக்கவும் விடலாம். என் மகள் கையில் உள்ள வில் வேட்டை வில்லின் உறவை முற்றும் துறந்து, முதுகைத் திருப்பிக்கொண்ட வில்.

தூர்த் விரும்பித் தேர்ந்த மரம் பிரேசில் நாட்டுப் பெர்னம்புக்கோ. இங்கேதான் கடைக்காரர் கொடுத்த சிவப்பு நீர் வருகிறது. இடைக்காலத்தில் கீழ்த்திசையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற பதிமுகக் கட்டையைச் சாயத்துக்காக வாங்கியவர்கள் அதைப் ‘பிரசில்’ என்று அழைத்தனர். போர்த்துகேசியர் அமெரிக்கக் கரையில் இறங்கியபோது, அதே சிவப்புச் சாயம் தரும் உறவு மரம் ஒன்று காடாக நிற்பதைக் கண்டு அதற்கும் அப்பெயரை இட்டனர். நாட்டுக்கே அது பெயராயிற்று. பெர்னம்புக்கோ என்பது அந்த மரந்தான். வெட்டி வெட்டி அது அருகிவிட்டது. 2007 முதல் அதன் வாணிகம் பன்னாட்டு உடன்பாட்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. என் மகளின் வில் அந்த மரத்தாலானது அன்று; கண்ணாடி இழையாற் செய்த மலிவுப் பொருள். அவளுடைய ஆசிரியரிடம் உண்மைப் பெர்னம்புக்கோ வில் ஒன்று உண்டு, தொடவிடமாட்டார்.

இந்த வில்லும் பிடிலும் நம்மிடம் வந்த வழியில் அதியன்னூருக்கு அருகிலேயே ஒரு நிலை இருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்று நம் இசைக்கு இசைவித்தவர். பின்னர் எட்டயபுரம் அரசவையில் விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் வந்து சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் பிடில் வாசித்தார். மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அதியன்னூரிலிருந்து அந்த அரண்மனைக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான். அங்கே தந்தப் பிடில், இங்கே பனை வில். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் ஒலித்திருக்கின்றன. அரண்மனைக்கு வில்லுப்பாட்டு போனதா என்று மாமாவைக் கேட்டேன். “போனா அடிச்சு விரட்டியிருப்பான்” என்றார். இது அவர் கருத்து.

இசைக்கலைக்குரிய தெய்வம் செல்லும் வழியும் இதுவே. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதி, குமாரகோயில் முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் இந்தச் சாலை வழியே திருவனந்தபுரம் செல்வர். குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரையில் ஓர் இரவும் தங்குவர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் நெடுங்காலம் பெண்கள் பாட இடமில்லை. 2006இல் முதன்முதலாகப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். இந்த எல்லையூரில் 1924இல் பிறந்த தமிழ்ப் பெண்மணி. அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. 2021இல் மறைந்தார்.

இரண்டாம் நாள் இரவு மாமா பாடினார். வில்லைக் குடத்தில் கட்டப் பேரனுக்குத் தெரியவில்லை; மாமா தரையிலமர்ந்து சொல்லச் சொல்லக் கட்டினான். அவன் கோயில் உற்சவங்களில் செண்டை கொட்டுகிறவன். வீசுகோல் அவன் கைக்கு விரைவில் வசப்பட்டது. மாமா எடுத்தது இரவிக்குட்டிப் பிள்ளைப் போர். 17ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் மதுரைப் படையோடு பொருது வீழ்ந்த வேணாட்டு வீரனின் கதை. தமிழ் என்றால் தமிழ், மலையாளம் என்றால் மலையாளம். அத்தகைய மொழியில் இருக்கிறது. அதியன்னூருக்கு அண்மையிலுள்ள காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ணன் நாடார் இத்தகைய பாடல்களைத் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று திரட்டிப் பதிப்பித்தவர்களுள் ஒருவர்.

என் மகள் பிடிலை மடியில் சாய்த்து, மாமாவின் குரலைத் தேடித் தேடிப் பின்தொடர்ந்தாள். முதலில் வழுக்கியது. பிறகு, அவர் மூச்சு விட நிறுத்திய இடங்களில் அவர் விட்ட ஓசையைப் பிடில் பிடித்து நிறுத்திவைத்தது. நம் முன்னோர் ஓர் அயல்நாட்டுக் கருவியை ஏன் அத்தனை விரைவில் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதை அப்போது கண்டேன். அது குரலைப் போல் நீளும், வளையும், குரலுக்குப் பின்னே நடக்கும். அடிக்கும் வில் பாட்டைத் தூக்கி நிறுத்திற்று. இழுக்கும் வில் அதைக் கைவிடாமற் பிடித்துக்கொண்டது. நான் குடத்தின் அருகில் அமர்ந்திருந்தேன். மாமா ஒன்றும் சொல்லாமல் பத்தியை என் பக்கம் தள்ளினார். எடுத்து அடித்தேன். தாளம் இருமுறை தவறிற்று. ஒருவரும் நகைக்கவில்லை.

மறுநாள் காலையில் வில்லைப் பற்றிய பேச்சு வந்தது. பத்தடி வில்லை விமானத்தில் கொண்டுவர இயலாது. பொருட்காட்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். பேரன் அதுவரை வாய் திறவாதவன், “அப்பூப்பா, நான் வச்சுக்கிடட்டா? ஆனா வெறும் வில்லை வச்சு என்ன செய்ய? பாட்டு வேணுமே” என்றான். பாட்டு ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் இருந்தது, பாட்டனாரின் கையெழுத்து, தமிழெழுத்து. மலையாளப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது.

என் மகள் புத்தகத்தை வாங்கினாள். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள். அவ்வகுப்புக்கு நான் எத்தனை ஞாயிறு அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். பாட்டனாரின் எழுத்தில் புள்ளி இல்லை, பிரிப்பும் இல்லை. அவள் எழுத்தைச் சொல்வாள். பேரன் அதைச் சொல்லாக்கிக் கேட்பான். மாமா ஆம், அன்று என்பார். பிறகு அவன் மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வான். பொருள் பெரும்பாலும் அவளுக்கு விளங்கவில்லை. எழுத்து அவனுக்கு விளங்கவில்லை. அன்று மாலை வரை 43 பக்கத்தில் 11 பக்கம் முடிந்தது. மற்றவற்றைப் படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினோம்.

இப்போது ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்து வந்ததும் இருவரும் தொலைபேசியில் அமர்கிறார்கள். சென்ற வாரம் 27ஆம் பக்கம். அதில் ஒரு சொல்லைக் கரையான் தின்றுவிட்டது. பேரன் மகன் வீட்டிலிருக்கும் மாமாவிடம் போய்க் கேட்டான். அந்த ஒரு சொல்லைத் தனியாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. பாட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் மகள் பிடிலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.